ரெண்டு புலம்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, நான் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தின் சொந்தக்காரர்தான் அவளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்தார். கல்லூரி வாத்தியார். குடவாசல் பக்கம் அந்தப் பாடத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

சாயங்காலம் அவளை அழைத்துவரப் போவேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அவர் வீட்டு வாசலில் நின்று காதில் விழுவதைக் கேட்பேன். அன்று மின்னூட்டம் ஏற்றிய தட்டைத் தகட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தகடு முடிவில்லாமல் பரந்து கிடப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்போது எவ்வளவு தள்ளிப் போனாலும் மின்புலம் குறையாதாம். எனக்குத் தெரிந்த புலம் பட்டாவில் இருக்கும் புல எண்தான். முடிவில்லாமல் பரந்து கிடப்பது அவர் குடும்பத்துக்குப் புதிதா என்ன? நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது சமையல்காரி பேரிலும் மாட்டுக்காரன் பேரிலும் எழுதிவைத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள்.

தகட்டைக் குறுக்கே துளைத்துப் போகிற மாதிரி ஓர் உருளை வரையச் சொன்னார். என் மகள் வரைந்துகொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, தாசில்தார்கிட்ட எப்ப வர்றே? குத்தகையை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

தாசில்தார் ஆபீஸில் குத்தகைக்காரன் என்று என் பேர் பதிவாகியிருந்ததால், நானாக விட்டால்தான் நிலம் அவர் கைக்குத் திரும்பும்.

"பொண்ணுக்கு மின்புலம் வேணும். அப்பனுக்கு நெல்லு விளையற புலம் வேணும். ரெண்டு புலத்தையும் நானே குடுக்கணுமா? ஒண்ணை விடு."

டியூஷனுக்கு வந்திருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மீதிக் கணக்கை நானே போட்டுக்கறேன் சார்."

வழியில், "நிலத்தை விட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"விட்டீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன்."

வீட்டில் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினாள். புத்தகத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு விடை வந்தது. அழித்து அழித்துப் போட்டாள். பிறகு, "தகட்டுக்கு ரெண்டு பக்கம்ப்பா. உருளையோட ரெண்டு முனையிலயும் புலம் வெளியே போகுது. நான் ஒரு முனையைத்தான் எடுத்திருக்கேன்" என்றாள்.

அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என் சாகுபடியை விலையாகக் கேட்டார்.

மறுவாரம் என் வரப்பில் வந்து நின்றார்.

"யோசிச்சியாப்பா?"

நான் சேற்றிலிருந்து நிமிரவில்லை.

"நட்டாச்சுங்க" என்றேன்.