சங்கு ஊதியபோது உட்கார்ந்திருந்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனது நாலு பேர். ஓட்டினது என் கூட்டாளியின் மருமகன். பின்னால் அவள் மகள். நடுவில் என் கூட்டாளி. ஓரத்தில் நான்.

எல்கடுவைப் பக்கம் எங்களுக்கு ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை. இருபத்தாறு வருசமாக ஒன்றாகக் கொழுந்து பறித்தோம். ஆனால் அதற்கு முந்தி மூன்று மாதமாக எனக்கு அவள் மேல் கோவம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பேசினால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆட்டோ வைத்திருக்கிற மருமகன் வந்ததும் தலை கனத்துவிட்டது என்று நினைத்தேன். நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அவளாகத்தான் வந்து கூப்பிட்டாள்.

"மாத்தளை கிரவுண்ட்ல பகல் முழுக்கப் பாட்டாம். பெரிய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸா கட்டுறாங்களாம். வா புள்ள, போவோம்."

"உன் மகளக் கூட்டிட்டுப் போ."

"நீ வா," என்றாள். போனேன்.

கேட்டில் எங்களை இறக்கிவிட்டு மகளும் மருமகனும் கடைக்குப் போய்விட்டார்கள். உள்ளே அவ்வளவு சனம். நல்ல வெயில். மர நிழலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு சிங்களப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு என்று மாறி மாறிப் போனது.

அவள் நிழலுக்கு வரவில்லை. என் கையைப் பிடித்து நேராகப் பாக்ஸ் பக்கம் இழுத்துப்போனாள். மூன்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் இடித்தது.

"காது கிழியுதுடி, அங்கிட்டுப் போவோம்."

அவள் நகரவில்லை. சனத்தைத் தடுக்கக் கட்டியிருந்த இரும்புப் பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

மாங்காய் அச்சாறு விற்கிறவர் வந்தார். "அக்காவுக்குக் காரம் போடவா, சும்மா தரவா?"

"ஆமா," என்றாள்.

"எதுக்கு ஆமா?"

"ஆமா, ஆமா."

அவர் சிரித்துவிட்டு மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார். "பெரிய ஆளாயிட்ட. பதில் சொல்லக்கூட வாய் வலிக்குது," என்றேன் நான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தின்றாள்.

பிறகு பைப்பை ஒட்டிப் புல்லில் உட்கார்ந்தோம். ஒரு பாட்டுக்கு நடுவில் மேடையில் சைரன் சத்தம் போட்டார்கள். எங்கள் தேயிலை ஸ்டோரில் பகல் கொழுந்து நிறுவைக்கு ஊதுகிற சங்கு மாதிரியே இருந்தது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கை தலைக்குப் போய்க் கூடைக்கயிற்றைத் தேடியது. சுற்றிப் பார்த்தால் இன்னும் அஞ்சாறு பேர் அப்படியே நிற்கிறார்கள். எல்லாம் தோட்டத்துப் பொம்பளைகள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

"ஞாயித்துக்கிழமையும் நம்மள விடமாட்டாங்க போல," என்றாள் ஒருத்தி.

என் கூட்டாளி உட்கார்ந்தபடியே இருந்தாள். மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பினதுகூடத் தெரியவில்லை.

பாட்டு முடியும் வரைக்கும் நின்றேன். சத்தம் அடங்கினதும் அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து, "குளவி," என்றேன். மலையில் அந்தச் சொல் காதில் பட்டால் கூடையைப் போட்டுவிட்டு நிலத்தில் விழுவோம். பக்கத்தில் இருந்தவள் துள்ளிவிட்டாள். "என்னக்கா, இதுலயா விளையாடுறது?"

என் கூட்டாளி அசையவில்லை.

கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"எப்ப இருந்து?"

என் வாயைப் பார்த்தாள். "தீவாளிக்கு முந்தியே. மொதல்ல ஒரு காது. இப்ப ரெண்டும். நரம்பு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பின்ன எதுக்கு இங்க வந்த?"

"அம்மாம் பெரிய பாக்ஸ். அதுலயாவது கேக்குமான்னு பாத்தேன்."

"கேட்டிச்சா?"

"பைப்புல அடிச்சிச்சு," என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். சொன்னால் கங்காணி காதுக்குப் போய்விடும். வேலையை நிப்பாட்டுவார்கள். வேலை நின்றால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் திருப்பிக் கேட்பார்கள்.

"நீ மலையில எனக்குப் பக்கத்து நிரையில நில்லு புள்ள. சங்கு ஊதினா தொடு. போதும்."

"குளவி வந்தா?"

"தள்ளிவிடு. விழுந்து படுத்துக்கிறேன். யாருகிட்டயும் சொல்லாத."

சரி என்று தலையாட்டினேன். தலை கனத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாளே கங்காணியிடம் அவளுக்குப் பக்கத்து நிரை கேட்டு வாங்கினேன். "ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். நாலு மாதம் நின்றேன். சங்குக்குத் தொட்டேன். கங்காணி கத்தினால் முந்தானையை இழுத்தேன். ஒரு தடவை குளவி வந்தது. தள்ளிவிட்டேன். இரண்டு பேருக்கும் முழங்கையில் தோல் போனது. படுத்துக்கொண்டே சிரித்தாள்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு நீயும் வேலைக்குப் போகாத," என்றேன்.

"ஒரு நாள்தானே," என்றாள்.

அடுத்த நிரைக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லாதே என்றாள். சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் குளவிக்கூடு கலைந்ததாம். எல்லாரும் கத்தினார்களாம். ஓடினவர்கள் ஓடினார்கள், விழுந்தவர்கள் விழுந்தார்கள். அவள் மட்டும் குனிந்து பறித்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் இருந்து மறுநாள் அவள் உடம்பைக் கொண்டுவந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காதாமே, ஆஸ்பத்திரில சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"தெரியும்," என்றேன்.

மகள் குளிப்பாட்டச் செம்பை என்னிடம்தான் கொடுத்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். குளவி கொட்டின இடங்களை எண்ணினேன். கழுத்து, தோள், காதுக்குப் பின்னால்.

எண்பத்து மூன்று.