சாக்குத் தோப்பு

நான் சொந்தமாக வரைந்த முதல் படம் ஒரு தோப்பின் படம். அதற்கு முன் என் கையிலிருந்து போனவை எல்லாம் மற்றவர்கள் வரைந்தவற்றின் நகல்கள். கைத்தொழில் பள்ளியில் வரைபடப் பயிற்சி முடித்து, பெங்களூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் டிரேசராகச் சேர்ந்திருந்தேன். மூலப் படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மையால் கோடு இழுப்பதுதான் டிரேசர் வேலை. சாக்கடை, பாலம், குதிரை லாயம், மறுபடி சாக்கடை. ஆபீசில் பெண் நான் ஒருத்திதான். என் மேசையை ஜன்னலோரம் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். மரியாதைக்காகவா, ஒதுக்கி வைக்கவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது.

தோப்பு, எங்கள் ஜோகுபாளையத்துக்கும் அல்சூர் ஏரிக்கும் நடுவே இருந்தது. பொது இடம். வேலியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. அரசாங்கச் சம்பளத்தில் ஒரே ஒரு மாலி, கன்னடம் பேசும் தோட்டக்காரர். மற்றபடி கூட்டுவது, காய்ந்த கிளை கழிப்பது, பிள்ளைகளை மரத்திலிருந்து இறக்குவது எல்லாம் சுற்றுப்புறத்தார் வேலை. வருஷம் எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் அங்கேதான் பார்த்துக்கொண்டோம். பங்குனியில் புங்கம்பூ உதிர்ந்து பாதையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். உகாதிக்கு வரும் கன்னடக் குடும்பங்கள் அதன் மேலேயே பாய் விரித்து ஒப்பட்டுப் போளி சாப்பிடுவார்கள். ஆனியில் நாவல் பழ நாள். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே தோப்புக்கு வந்த பிள்ளைகளை ஊதா நிறத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போவோம். கார்த்திகைக்கு வேர்களுக்கு நடுவே அகல் விளக்கு. மார்கழியில் எங்கள் சர்ச் பாடகர் குழு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று பாடும். கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை, ஆனாலும் மெட்டு தெரிந்து கூடவே பாடுவார்கள்.

தோப்பை ஒட்டிக் கிழக்கே ஒரு மொட்டை மேடு. பழைய செங்கல் சூளை இருந்த இடம். போர் வருவதற்கு முந்தைய வருஷம் ஒன்றில், அந்த மேட்டை விறகு டிப்போவாக மாற்றுவதற்கான படம் நகலெடுக்க என் மேசைக்கு வந்தது. கோட்டைத் தொடர்ந்துகொண்டே போன என் பேனா ஓரிடத்தில் நின்றது. மேட்டுக்கு வேறு பாதை இல்லாததால் மாட்டுவண்டிகள் தோப்பின் நடுவே போகும்படி வரைந்திருந்தார்கள். வண்டி திரும்ப வேண்டிய வளைவு நாவல் மரங்களின் மேல் விழுந்திருந்தது.

நகலை முடித்தேன். அதோடு யாரும் கேட்காத இன்னொரு படத்தையும் வரைந்து இன்ஜினியரின் மேசையில் வைத்தேன். அதே மேடு, ஆனால் டிப்போ இல்லை, வரிசையாகச் செடிகள். ஓரத்தில் காரணங்களை எழுதியிருந்தேன்: நிழல், மண் அரிப்பு, ஏரிக்குப் போகும் மழைநீர், பண்டிகை நாள்களில் தோப்பில் கால் வைக்க இடமில்லாத கூட்டம்.

இன்ஜினியர் மைசூர்க்காரர். கன்னடத்தில் யோசித்து ஆங்கிலத்தில் உத்தரவு போடுகிறவர். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து அழகாக இருக்கிறது. சூளை மண்ணில் செடி பிழைக்காதே, மிஸ்."

"பிழைக்க வைத்தால்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கோடை தருகிறேன். அடுத்த மழை பிடித்ததும் நானே வந்து பார்ப்பேன். பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் தோப்பு. இல்லையென்றால் டிப்போ."

ஐப்பசி மழையில் நட்டோம். புங்கை, நாவல், மகிழம், வேம்பு. ஜோகுபாளையத்துப் பெண்கள், தொம்மலூரிலிருந்து வந்த குடியானவர்கள், பேக்கரிக்கார பாயின் வீட்டார் என்று ஆளுக்கு ஒரு குழி. தை வரை செடிகள் சொன்னபடி கேட்டன. பிறகு வெயில் ஏறியது. வழக்கமாகச் சித்திரையில் எட்டிப் பார்க்கும் மாம்பழ மழை அந்த வருஷம் வரவில்லை. வீடுகளுக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டதால் தோப்புக் குழாயை மூடிவிட்டார்கள். இருந்தது ஏரி ஒன்றுதான். அதுவும் சேற்றுக்கு இறங்கியிருந்தது.

சாயங்காலங்களில் நாங்கள் ஏரியிலிருந்து குடத்தில் தூக்கினோம். ஏரிக்கரையில் ஒரு கட்டட வேலை நடந்தது. அங்கே சித்தாள் வேலை செய்த நீலசந்திராப் பக்கத்துப் பெண்களும் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொரு சாந்துச் சட்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். யாரும் கூப்பிடவில்லை. பழ நாளன்று அவர்கள் பிள்ளைகளும் அங்கேதானே இருந்தார்கள்.

ஆனால் சூளையில் வெந்த மண் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஊற்றியது குழியில் கொஞ்சம் நின்று, விளிம்பைத் தாண்டிச் சரிவில் ஓடிவிடும். மாலி குழிக்குக் குழி ஓடிக் கையைத் தூக்கிக் கத்துவார்: "சாக்கு! சாக்கு!" கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். எங்களுக்கு அது தெரியும். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாதம்கூட ஆகாத சித்தாள் ஒருத்திக்குத் தெரியாது.

மறுநாள் அவள் வந்தாள். தலையில் தண்ணீர்ச் சட்டி, இடுப்பில் சுருட்டிய கோணிச் சாக்கு.

"இந்தாய்யா."

"ஏனம்மா இது?" என்றார் மாலி, என்ன இது என்பதைக் கன்னடத்தில்.

"என்னாவா? நேத்து எம்மூஞ்சிக்கு நேரா சாக்கு சாக்குன்னு கத்தினியே. மேஸ்திரி கால்ல உழாத கொறையா கெஞ்சி வாங்கியாந்திருக்கேன், புடி!"

ஜோகுபாளையத்துப் பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அடியே, சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம்டி!"

"நாளைக்கு 'பேக, பேக'ன்னு அவசரப்படுத்துவாரு. பள்ளிக்கூடத்துப் பேக்கைத் தூக்கிட்டு வந்துடாத!"

மாலியும் தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. கொண்டாந்தத திருப்பி எடுத்துனு போறவ நானில்ல." சொல்லிவிட்டு, சாக்கைச் சட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, பக்கத்தில் இருந்த மகிழஞ்செடியின் அடியில் வளைத்துச் சுற்றினாள். மிச்சத் தண்ணீரையும் அதன் மேலேயே கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் மேட்டில் ஏறினேன். மற்ற குழிகளில் மண் செங்கலாக இறுகிக் கிடந்தது. மகிழஞ்செடியின் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மண் கறுத்து, விரல் வைத்தால் உள்ளே போயிற்று. சாக்கு இரவெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டிருந்தது. ஓடிப்போன தண்ணீருக்கு நான் மனதில் என்னென்னவோ வடிகால், வரப்பு எல்லாம் வரைந்து பார்த்திருந்தேன். எதுவும் இவ்வளவு சுலபமாக இல்லை.

அன்று நடந்துகொண்டே ஒரு பட்டியல் போட்டேன். சாக்கு யாரிடம் இருக்கும்? அரிசி மண்டி. கரிக்கடை. கொள்ளு மூட்டை வந்து இறங்கும் குதிரை லாயம். சிமெண்டு வந்து இறங்கும் கட்டடம். தெருவுக்கு ஓரிடம் என்று பிரித்துக் கொடுத்தேன். அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு நிம்மதியே இல்லை. "மூட்டை காலியாகட்டும்மா, கொஞ்சம் பொறுங்க" என்று மண்டிக்காரர் கும்பிட்டார். சர்ச் பெண்கள் சங்கம் கிழிந்ததை எல்லாம் உட்கார்ந்து தைத்தது.

மாலி மட்டும் ஒப்பவில்லை. "கரையான் வரும், அம்மாவ்ரே" என்றார். வந்தது. சில சாக்குகளைத் தூக்கினால் மேல்பக்கம் மட்டும்தான் மிச்சம். பேக்கரிக்கார பாய் அடுப்புச் சாம்பலைத் தினமும் தள்ளுவண்டியில் அனுப்பினார். சாக்கை உதறி, சாம்பல் தூவி, மறுபடி நனைத்துப் போடுவது என்று முறை வைத்துக்கொண்டோம். பாயின் மனைவி சாம்பல் கூடையோடு வந்து, "செடிக்குப் பவுடர் போட்டாச்சா?" என்று கேட்பார்.

சித்திரைக் கடைசியில் பல செடிகள் இலையை உதிர்த்துவிட்டன. வெறும் குச்சிகள். அந்த நாள்களில்தான் விறகு டிப்போவின் வாசல் கதவுப் படம் என் மேசைக்கு வந்தது. அளவு, தாழ்ப்பாள், கீல் எல்லாம் போட்டிருந்தார்கள். நகல் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மேட்டுக்குப் போய் ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. அடுத்ததிலும் பச்சை. அதற்குமேல் கீறவில்லை, எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டேன்.

மழை ஒரு மத்தியானம் ஏரிப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தது. ஆபீஸ் ஜன்னலில் அடித்த முதல் சாரல் என் துணியில் ஒரு கோட்டை அழித்துவிட்டது. வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் அழிந்த கோட்டுக்காக நான் வருத்தப்படவில்லை.

மழை பிடித்துச் சில நாள் கழித்து, சொன்னபடி இன்ஜினியர் வந்தார். பளபளப்பான பூட்ஸ், கையில் பிரம்பு. செய்தி எப்படிப் பரவியதோ, மேட்டைச் சுற்றி ஊரே நின்றது. சித்தாள் பெண்கள் சாந்துச் சட்டியைத் தலையில் கவிழ்த்துத் தூறலுக்குக் குடையாகப் பிடித்திருந்தார்கள்.

அவர் ஓரத்திலிருந்து தொடங்கினார். பிரம்பு நுனியால் முதல் சாக்கை விலக்கினார். புங்கை, பளிச்சென்ற தளிர். அடுத்தது வேம்பு. அடுத்து ஒரு குழியில் செடி செத்திருந்தது. அதற்கடுத்தது நாவல், இரண்டு பக்கமும் துளிர்த்திருந்தது. நான் குச்சி என்று நினைத்தவை எல்லாம் கொழுந்து விட்டிருந்தன. அவர் குனிந்து குனிந்து பார்த்தபடி வரிசை வரிசையாக நடந்தார். பூட்ஸ் செம்மண்ணில் காணாமல் போயிற்று. பாதி மேடு தாண்டியதும் நின்றார். மிச்சமிருந்த வரிசைகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"சாக்கு" என்றார்.

பின்னாலிருந்து அந்த வேலூர்க்காரியின் குரல் வந்தது:

"அய்யய்ய, இவருக்கும் சாக்கு வேணுமாமே! இருந்ததெல்லாம் செடிக்குப் போட்டாச்சு, சாமி. இனிமே நாங்க எங்க போவோம்?"

மேடே சிரித்தது. இன்ஜினியர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சாக்கின் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவருக்குப் பல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணாடி நழுவும்வரை சிரித்தார்.

மாலி முன்னால் வந்து கைகூப்பினார். "இவரே ஸ்வாமி, சாக்கித்து" என்று பெண்களைக் காட்டினார். கன்னடத்தில் அதே சொல்லுக்கு வளர்ப்பது என்றும் பொருள் உண்டு. வளர்த்தவர்கள் இவர்கள்தான் என்றார்.

இன்ஜினியர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "மிஸ், உங்கள் படத்தைச் சுத்தப்படியாக எடுத்துக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும்."

டிப்போ வேறு இடம் போயிற்று. கதவுப் படம் சுருட்டின சுருளாக அலமாரி மேல் ஏறிற்று.

அந்த ஆனியில் நாவல் பழ நாளைப் பழைய மரத்தடியில் நடத்தக்கூடாது, மேட்டில்தான் நடத்த வேண்டும் என்று பெண்கள் ஒரே பிடிவாதம். முழங்கால் உயரச் செடிகள், நிழல் என்று ஒன்றுமில்லை. மழை வந்ததால் வேலை முடிந்த சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, அவற்றையே விரித்து உட்கார்ந்தோம். அரிசிச் சாக்கு, கரிச் சாக்கு, கொள்ளுச் சாக்கு. மேட்டுக்கு 'சாக்குத் தோப்பு' என்று பெயரும் வந்துவிட்டது. அடுத்த நகலில் நானும் அப்படியே எழுதினேன், யாரும் திருத்தவில்லை.

வேலூர்க்காரியை எல்லாருக்கும் முன்னால், மகிழஞ்செடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முந்தானையை ஏந்தினாள். மாலி கூடையிலிருந்து பழத்தை அள்ளி அள்ளிப் போட்டார். முந்தானை நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. உதடெல்லாம் ஊதாவாக அவள் கையைத் தூக்கி, தனக்கு வந்த முதல் கன்னடச் சொல்லைக் கத்தினாள்:

"சாக்கு, அண்ணா! சாக்கு!"

மாலி கூடையை இறக்கி வைத்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் போய், ஒரு சாக்கை எடுத்துவந்து அவள் முன்னால் வாயைப் பிரித்துப் பிடித்தார்.