இரண்டு பேர் குறைத்த பெட்ரோல்

அக்கா நர்ஸாக வேலை பார்ப்பது குறைமாதக் குழந்தைகளின் வார்டில். அங்கே எல்லாமே சொட்டுக் கணக்கு. உள்ளங்கை அளவு உயிருக்கு மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வருடக்கணக்காக அதையே செய்து செய்து வீட்டிலும் அவள் கை அப்படியே பழகிவிட்டது. காபிக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "இது காபிம்மா, குளுக்கோஸ் இல்ல. கொட்டு தாயே!" என்று அத்தான் ஒருநாள் கத்தினார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் 'சொட்டு'.

அப்படிப்பட்டவள்தான் ஒரு மாலை, இரண்டே பேர் உட்காரக்கூடிய, சூப்பர்சார்ஜர் வைத்த ஒரு பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தினாள். விற்றவர் ஒரு பல் டாக்டர். இடுப்பு வலி வந்து, உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் என்ற நிலையில் கொடுத்துவிட்டார். எதற்கு இது என்று கேட்டோம்.

"ஓட்டிப் பாத்தேன். மிதிச்சா யோசிக்காம போகுது" என்றாள். அவ்வளவுதான் விளக்கம்.

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வரேன். எனக்கு முன்னாடி பின்னாடி போறதுல எல்லாம் ஆசை கிடையாது" என்று சொல்லி, காருக்குச் 'சக்களத்தன்' என்று பெயர் வைத்தார். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

நோயைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். சூப்பர்சார்ஜர் என்பது இஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் யந்திரம். பல் டாக்டர் அதன் கப்பியைச் சிறியதாக மாற்றி, அதை இன்னும் வேகமாகச் சுழல வைத்திருந்தார். காற்று கூடிவிட்டது. ஆனால் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்கள் பழைய சின்ன இஞ்செக்டர்களே. மாவைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்ட மறந்த கதை. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. முழுக்க மிதித்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி, பிஸ்டனே உருகிவிடும். அந்தக் காருக்கு வேறு இஞ்சின் எங்கேயும் கிடைக்காது.

அக்காவுக்கு முழுக்க மிதித்தே ஆக வேண்டிய ஒரு நாள் வரவிருந்தது. ஊருக்கு வெளியே உள்ள மலைச் சாலையை மோட்டார் சங்கத்தார் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு காராக அடிவாரத்திலிருந்து உச்சி வரை தனியே ஓட விட்டு நேரம் பார்ப்பார்கள். எத்தனையோ பேர் காத்திருக்கும் வரிசையில் அக்காவின் முறை இந்த வருடம் வந்திருந்தது. முந்தின நாள் பரிசோதனையில் புகை வந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் மறுபடி வரிசையின் வாலுக்குப் போய்விடும்.

"அடுத்த முறை என் பேர் வரும்போது என்னையும் ரெண்டு பேர் சேந்துதான் தூக்கி உக்கார வைக்கணும்" என்றாள் அக்கா.

ஆகவே பெரிய இஞ்செக்டர்கள் வாங்கினார்கள். அவற்றைப் பொருத்தினால் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் திறந்து மூட வேண்டும் என்று காரின் மூளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். மடிக்கணினியைக் காரோடு இணைத்துச் செய்யும் அந்த வேலை அக்காவுடையது. ஸ்பானர் வேலை அத்தானுடையது.

இந்தப் பிரிவினை ஒரு சண்டையில் பிறந்தது. கார் வந்த புதிதில் இருவரும் ஒரே நட்டில் கை வைத்தார்கள். அவள் எதையும் முடிக்கவே மாட்டாள் என்றார் இவர். இவர் எதையும் யோசிக்கவே மாட்டார் என்றாள் அவள். பிறகு இரண்டு நாள் என் வழியாகத்தான் பேச்சு. "தம்பி, உங்க அக்காகிட்ட சொல்லு, பத்தாம் நம்பர் ஸ்பானர் அவங்க உக்காந்திருக்கிற இடத்துக்கு அடியில இருக்குன்னு." அவள் அசையாமல், "டேய், உங்க அத்தான்கிட்ட சொல்லு, அது எனக்கும் குத்துது, ஆனா எந்திரிக்க மாட்டேன்னு."

சமாதானம் ஆனபோது ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பானெட்டுக்குக் கீழே அவர் ராஜ்யம். கணினித் திரை அவளுடையது. ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடக்கூடாது. என்ன செய்தாய் என்று கேட்கவும் கூடாது. "கேட்டாலே குத்தம் சொல்ற மாதிரிதான் இருக்கு" என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பொருத்திய நாள் வீட்டு விசேஷம் போல இருந்தது. புது இஞ்செக்டர்கள் நாலையும் அக்கா வெள்ளைத் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்தாள். அத்தான் ஒவ்வொன்றின் ரப்பர் வளையத்திலும் எண்ணெய் தடவி, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல இறக்கினார். அக்கா சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு உறுமியது. அத்தான் கையிலிருந்த துணியைத் தலைக்கு மேலே சுழற்றினார். அக்கா ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டு சிரித்தாள்.

பின்னால் கறுப்பாகப் புகை வந்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"தீனி கொஞ்சம் அதிகம். இளைக்க வச்சிடலாம்" என்றாள் அக்கா. யார் இளைக்க வைப்பது என்று பேசிக்கொள்ளவில்லை. பேசக்கூடாது, சட்டம்.

எங்கள் கீழ்த்தளத்தை ஒட்டி ஒரு தையல்காரரின் கடை. கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு தைப்பவர். வயதானவர், நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயத்தை ஒருவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பிய அக்காவை மறித்தார். "தங்கச்சி, உங்க வண்டிப் புகை என் கோட்டெல்லாம் ஏறுது. மாப்பிள்ளை பெட்ரோல் பங்க்ல தாலி கட்டப் போறாரான்னு கேக்கறாங்க." மாலையில் அத்தானிடமும் அதையே, மாப்பிள்ளையை மட்டும் மாமனாராக மாற்றிச் சொன்னார்.

அக்கா கணினியில் இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தாள். அத்தான் பானெட்டைத் திறந்து பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் தளர்த்தி அதே பெட்ரோலைக் குறைத்தார். சமையலறையில் இருவர் தனித்தனியே உப்புப் போட்டால் நாக்கோடு போய்விடும். இது இஞ்சின்.

மறுநாள் வெள்ளோட்டம். அத்தானுக்கு எங்கோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதால், பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு இரண்டு மொழிகளில் பயப்படத் தெரியும். அன்று இரண்டும் போதவில்லை.

"காத்தும் பெட்ரோலும் எந்த அளவுல கலக்குதுன்னு இந்த மீட்டர் காட்டும்" என்றாள் அக்கா. "நான் முழுசா மிதிக்கும்போது பதினொன்னரைக்குப் பக்கத்துல இருக்கணும். பன்னெண்டைத் தாண்டினா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், கத்து."

ஊருக்கு வெளியே நீண்ட ஏற்றத்தில் அவள் மிதித்தாள். சூப்பர்சார்ஜர் சீட்டியடித்தது. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

"பன்னெண்டு! அக்கா, பன்னெண்டரை! பதிமூணு! அக்கா!"

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல இஞ்சினுக்குள் ஒரு சத்தம். அவள் சட்டென்று காலை எடுத்தாள். காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மருந்து மாறிப்போன நர்ஸின் முகம் அப்படித்தான் இருக்கும் போல.

"ரொம்பக் குறைச்சுட்டேன் போல" என்று தனக்குள் சொன்னாள்.

மெதுவாக ஓட்டி வந்தோம். நல்லவேளை, இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தானிடம், "பெட்ரோல் பத்தல, முழுசா மிதிக்க முடியல" என்று மட்டும் சொன்னாள். அவர் முகமும் மாறியது. "அப்படியா?" என்றார்.

தவறு தன்னுடையதுதான் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் கீழே போய்த் திருகைப் பழையபடி இறுக்கினார். அவர் குளிக்கப் போன நேரத்தில் இவள் கீழே போய்க் கணினியில் பழைய எண்ணைப் போட்டாள். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி. ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறிக்கொண்டதைப் பார்த்து நான்கூட, சரி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. பிற்பகலில் பரிசோதனை. அக்கா சாவியைத் திருப்பினாள்.

பொருத்திய நாளில் வந்த அதே கறுப்புப் புகை, அதே வாடை. ஒரு மாற்றமும் இல்லை.

"இது எப்படிங்க?" என்றாள் அக்கா.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அத்தான். இருவரும் இஞ்சினைப் பார்த்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தையல்காரர் கையில் ஒரு கோட்டோடு உள்ளே வந்தார். "என்ன இது? ரெண்டு பேரும்தானே சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னேன்" என்றாள் அக்கா.

"நான்ல சொன்னேன்" என்றார் அத்தான்.

"ரெண்டு பேரும்தான் சொன்னீங்க! அந்தம்மா, 'கம்ப்யூட்டர்ல குறைச்சுட்டேன்'னாங்க. நீங்க, 'திருகைத் தளர்த்திட்டேன்'னீங்க. அடடா, வீடுன்னா இப்படி இருக்கணும்னு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேனே!"

அக்கா இஞ்சினை அணைத்தாள்.

"நீங்களும் குறைச்சீங்களா?"

"நீயும் குறைச்சியா?"

"அப்புறம் நேத்து..."

"நேத்து மறுபடி ஏத்திட்டேன்."

"நானுந்தாங்க ஏத்திட்டேன்!"

முதலில் சிரித்தது அக்காதான். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கி, பிறகு காரின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அத்தான் கோபப்படத்தான் பார்த்தார். முடியவில்லை. "ஒரு லிஃப்டுக்கு ரெண்டு மெக்கானிக் இருந்தா அது இப்படித்தாம்மா, ரெண்டு மாடிக்கு நடுவுலயே நிக்கும்" என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாத தையல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"சட்டத்தை ரத்து பண்றேன்" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பானெட்டைத் திறங்க. நானும் பாக்கணும்."

அத்தான் திறந்தார். எந்தத் திருகு எதற்கு என்று காட்டினார். இஞ்செக்டர் செய்தவர்கள் சொன்ன அழுத்தம் எவ்வளவோ அதில் கொண்டுவந்து நிறுத்தி, "இனிமே இது அசையாது. நீயே பாத்துக்கோ" என்று இறுக்கினார். அக்கா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, எந்தக் கட்டத்தில் எந்த வேகத்துக்கான பெட்ரோல் என்று காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, "அடேயப்பா, இவ்வளவு கட்டமா? இதை எல்லாம் நீயா நிரப்பின?" என்றார். அந்தக் குரலில் அவர் அவளைப் பாராட்டி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். காது வரை சிவந்தாள்.

பிறகு அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, அதே ஏற்றத்துக்குப் போனார்கள். இரண்டு இருக்கைதான் என்பதற்கு அன்று நான் நன்றி சொன்னேன். நானும் தையல்காரரும் வாசலில் நின்றோம். அவர் விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். தையல்காரர் காரின் பின்னால் குனிந்து, கறிவேப்பிலை வாங்குகிறவர் போல மூக்கை நீட்டி முகர்ந்தார். "ம். இப்ப மாப்பிள்ளை தைரியமா வரலாம்."

அடிவாரத்தில் பரிசோதித்த பெண்மணி தையல்காரர் அளவுக்குக்கூட நேரம் எடுக்கவில்லை. இஞ்சினை ஓட விட்டுக் கேட்டார். பின்னால் போய் நின்றார். கண்ணாடியில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார். அக்கா அந்த வில்லையை ஓரம் தூக்கிக்கொள்ளாமல் விரலால் நீவி நீவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் அக்கா மேலே போகும் சத்தம் அடிவாரம் வரை நன்றாகக் கேட்டது. சூப்பர்சார்ஜரின் சீட்டி மேலே மேலே ஏறி, கடைசி வளைவில் சட்டென்று அறுந்தது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி சத்தம் வந்தது.

இறங்கி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டார், "என்ன ஆச்சு? மறுபடியும் பத்தலையா?"

"மீட்டர் பதினொன்னரையிலேயே நின்னுச்சுங்க. அது மேல ஒரு குத்தமும் இல்ல." ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள். "நான்தான் பயந்து காலை எடுத்துட்டேன். கை கால் எல்லாம் வார்டுல இருக்கற மாதிரியே போதும் போதும்னுது."

"அடியே, இத்தனை ஊட்டினது எதுக்கு? தின்னட்டும் விடு!"

இரண்டாவது ஓட்டத்துக்கு அவள் முறை வர நெடுநேரம் ஆனது. எனக்கு முன்னால் நின்றவர்கள் சாப்பிட்டார்கள், குழந்தைகளைத் துரத்தினார்கள். அத்தான் மலையைப் பார்த்தபடி நின்றவர் நின்றபடியே இருந்தார். கொடி அசைந்தது. பச்சைக் கார் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு சத்தம் மட்டும். சீட்டி ஏறிக்கொண்டே போனது. கடைசி வளைவு வரும் இடம் எது என்று இப்போது எங்கள் காதுக்குத் தெரியும். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

சீட்டி அறுபடவில்லை. வளைவின் ஊடாக, அதைத் தாண்டி, உச்சி வரை ஒரே இழையாகப் போயிற்று.

"எடுக்கலடா!" அத்தான் என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "உங்க அக்கா காலை எடுக்கவே இல்லடா!"

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் முதுகிலும் ஒன்று வைத்தார். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.