விமானம் போகும்வரை

பட்டிமன்ற மேடையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை எந்தக் குடியிருப்போர் சங்கம் ஆண்டு விழா நடத்தினாலும், "அந்த சேலையூர் மேடத்தைக் கூப்பிடுங்க" என்பார்கள். பகலில் கணக்கு டீச்சர், சாயங்காலம் பேச்சாளர். நான் நன்றாகப் பேசுவேன். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

கொரோனா வந்ததும் மண்டபங்களை மூடினார்கள். பட்டிமன்றம் கம்ப்யூட்டருக்குள் போனது. நைட்டியின் மேல் பட்டுப்புடவை முந்தானையைப் போட்டுக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்து பேசினேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். எல்லாருடைய மைக்கும் அணைந்திருக்கும். சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா, ஒன்றும் புரியாது. ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிறுத்தினால் போதும், "மேடம், நெட் போயிடுச்சா?" என்று யாராவது கேட்பார்கள். அதனால் நிறுத்தாமல் பேசப் பழகினேன். கொரோனா போன பிறகும் வீட்டிலிருந்தே பேசும் சௌகரியம் என்னை விடவில்லை. மேடை ஏறி வருஷக்கணக்காகிவிட்டது.

போன பொங்கலுக்குப் பல்லாவரத்திலிருந்து நேரில் வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர், "பேசாம ஆன்லைனோட நிறுத்திக்கோயேன். டச் விட்டுப்போச்சு. அங்க போய் சொதப்பினா உனக்குத்தான் கஷ்டம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். இன்றைக்குச் சொதப்பினால் இனி மேடையே கிடையாது, அந்தக் கட்டத்துக்குள்ளேயே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

திறந்த மைதானம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் சுண்டல். வீட்டில் நிம்மதி வருவது பேசுவதாலா, பேசாமல் இருப்பதாலா என்பது தலைப்பு. நான் பேசும் கட்சி. என்னை வேறெந்தக் கட்சியில் போடுவார்கள்? ஸ்கூட்டரில் கூட்டிவந்த என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஜோக்குக்கே கூட்டம் சிரித்தது. நானோ நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடினேன். சிரித்தவர்கள் அந்த வரியைத் தவறவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று பக்கத்தில் கேட்டார்கள். இரண்டாவது ஜோக்குக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது, நான் அடுத்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்ற பயம் அவர்களுக்கு. மூன்றாவதுக்கு யாருமே சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா செல்போனை எடுத்துவிட்டார். நடுவரின் கை மணிப்பக்கம் நகர்ந்தது. என் பேச்சை நானே கெடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அடுத்ததை ஆரம்பித்தேன். "எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து 'வாயை மூடு'ன்னு சொன்னார். உடனே நான்..."

தலைக்கு மேல் விமானம் வந்தது.

விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்தில் விமானம் தாழ்ந்து போகும்போது யாரும் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். கடையில் பேரம் பேசுகிறவர் பாதி வார்த்தையில் நிறுத்துவார், அது போனதும் மீதி வார்த்தையிலிருந்து தொடர்வார். நானும் நிறுத்தினேன். நிறுத்தியே ஆகவேண்டும். அப்போதுதான் அந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்னதும் நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். செல்போன் அம்மாவும் நிமிர்ந்துவிட்டார். நான் எழுதி வைத்திருந்த பதில் வேறு. அதை அந்த நிமிஷமே தூக்கிப் போட்டேன்.

விமானச் சத்தம் தேய்ந்து முழுசாக அடங்கும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். பிறகு வானத்தைக் கையால் காட்டிச் சொன்னேன்: "கரெக்டா இவ்ளோ நேரம் மூடினேன்."

மைதானமே அதிர்ந்தது. இந்த முறை நான் ஓடவில்லை. டம்ளரை எடுத்து மெதுவாகத் தண்ணீர் குடித்தேன். சிரித்து அடங்கி, யாரோ மறுபடி ஆரம்பித்து, அதற்கும் எல்லாரும் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். அதற்கப்புறம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் முகமே சொல்லிவிட்டது. நடுவர் மணியடித்தபோது, "விடுங்க சார், அக்கா பேசட்டும்" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது எனக்கு வந்த பெருமைக்கு அந்த மைதானம் போதாது.

தீர்ப்பு பேசாதவர்கள் பக்கம் போனது. போகட்டும், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில், கேம்ப் ரோட்டில் வண்டி மெதுவானபோது அவர் கேட்டார், "நான் எப்ப உன்னை வாயை மூடுன்னு சொன்னேன்?"

"ஆன்லைனோட நிறுத்திக்கோன்னு சொன்னீங்களே, அதுக்கு வேற என்ன அர்த்தமாம்?"

அவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி, பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டார்.

"அங்க என் பக்கத்து சீட்டுக்காரர், 'அந்தம்மாவோட வீட்டுக்காரர் ரொம்பப் பாவம் சார்'னு சொன்னார்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது நான்தான்னு சொன்னேன். எழுந்து நின்னு சொன்னேன்."