அமாவாசையன்று அவலூர்பேட்டை பஸ் எங்கே நிற்கும்?

போன அமாவாசையன்று செஞ்சிக்குப் போய் வந்தேன். கோட்டையும் ஏறினேன், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நான் கிளம்பியது கோட்டைக்காக இல்லை, ஒரு பஸ்ஸுக்காக. அந்த பஸ் வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் பீற்றல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் இணையதளம் வடிவமைக்கிறவள். நகைக்கடைக்கும் பல் டாக்டருக்கும் பக்கம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. மீதி நேரத்தில் எனக்குப் பிடித்ததைச் செய்வேன். அப்படிச் செய்ததுதான் செஞ்சி பஸ் நிலையத்தின் பஸ் நேரங்களைச் சொல்கிற ஒரு பக்கம். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, கண்ணாடி உடைந்த பழைய போனிலும் சட்டென்று திறக்கும். செஞ்சி ஏன் என்றால், எல்லாத் திசைக்கும் பஸ் பிரிகிற ஊர். அதே சமயம் ஒருத்தியே இரண்டு நாள் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற அளவுக்குச் சின்ன நிலையம்.

முதல் வடிவத்தில் நன்றாக அசடு வழிந்தேன். சென்னைப் புத்தி, வார நாளுக்கு ஒரு பட்டியல், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பட்டியல் என்று போட்டிருந்தேன். போன மாதம் அதை நிலையத்தில் நாலு பேரிடம் காட்டியபோது கலா வாங்கிப் பார்த்தார். கலாவுக்கு ஊர் அவலூர்பேட்டை, வேலை செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்.

“ஞாயித்துக்கெழமையில இன்னா மேடம் இருக்குது? அமாவாச எங்க?” என்றார்.

அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் திரளும். மத்தியானத்துக்கு மேல் செஞ்சி நிலையம் முழுக்க ஸ்பெஷல் பஸ்தான். அவலூர்பேட்டைக்காரர்கள் அதில் ஏறிக் கோயில் வரை போகலாம், ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து வீடு சேர்வது லேசான காரியம் இல்லை.

“அன்னிக்கி மட்டும் மூணு மணிக்கே கெளம்பிடுவேன். அப்புறம் எங்க ஊருக்கு பஸ்ஸு கெடையாது. இனிமே சீக்கிரம் போனா வேற ஆள பாத்துக்கறேன்னு ஓனரு சொல்லிட்டாரு. வேல போயிடுமோன்னு ஒரே டென்ஷன் மேடம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு பஸ் இருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அமாவாசையன்று காலை 6.05க்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ், டிக்கெட் 160 ரூபாய். 9.50க்குச் செஞ்சி. மத்தியானம் வரை பஸ் நிலையத்தில் வேலை இல்லை, ஆகவே கோட்டை. ஆட்டோவுக்கு நூறு கேட்டார்கள், பேரம் பேசாமல் கொடுத்தேன். நுழைவுச் சீட்டு 25. கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியின் உச்சிக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கையில் தின்பண்டப் பை வைத்திருந்தால் குரங்குகள் விடாது, என் பிஸ்கட் பாக்கெட் முதல் வாசலிலேயே போய்விட்டது. படி திரும்புகிற வரைக்கும் அடுத்த வாசல் கண்ணில் படாது. வருகிறவனுக்கு வழி தெரியவே கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். என் தொழில் இதற்கு நேர் எதிர். ஆனாலும் அந்த வேலைப்பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இறங்கி, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு நிலையத்துக்கு வந்தேன். ஒவ்வொரு கண்டக்டரையும் பிடித்துக் கேட்டேன். ஐந்து பேர் கையை விரித்தார்கள். ஆறாவது ஆள் ஒரு தனியார் பஸ் கண்டக்டர், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அவலூர்பேட்ட தானே? இருக்குது மேடம். ஆறு இருவத்தஞ்சி.”

“அப்படியானால் ஏன் யாருக்குமே தெரியவில்லை?”

“உள்ள எடம் ஏது? எல்லாம் ஸ்பெஷலு. எங்கள வெளிய தள்ளிடுவாங்க. எங்க நிக்கப்போறோம்னு எங்களுக்கே மத்தியானம்தான் தெரியும். சனம் பூரா உள்ளயே நின்னுட்டு பஸ்ஸே இல்லன்னு போயிடுது. நாங்க பாதி சீட்டு காலியா போவோம். இன்னிக்கி பெட்ரோல் பங்க்கு எதிர்ல நிப்போம்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை மாதமாக எத்தனை மணிக்கு என்று எழுதி எழுதி அழகு பார்த்திருக்கிறேன். இவர்களுக்குத் தெரிய வேண்டியதோ எங்கே என்பது! இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்டுக்கொள்ள அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, டீக்கடையிலேயே உட்கார்ந்து பக்கத்தை மாற்றினேன். உச்சியில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில்: “இன்று அமாவாசை. அவலூர்பேட்டை பஸ் 6.25. நிலையத்துக்குள் இல்லை. வெளியே, பெட்ரோல் பங்க் எதிரில்.” கலாவுக்கும் போன் செய்தேன். மூன்று மணிக்குக் கிளம்பாதீர்கள் என்றேன். சரி மேடம் என்றார், குரலில் நம்பிக்கை இல்லை.

6.10க்கு வந்தார். பங்க் எதிரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பக்கத்தில் தள்ளுவண்டியில் கொய்யா விற்றவர் சிரித்தார். “இங்க எந்த பஸ்ஸும்மா நிக்கும்? ஆட்டோ புடிச்சிப் போங்க.” ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய். மணி 6.25 ஆனது. 6.30 ஆனது. கலா சாலையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெஜமாவே வருமா மேடம்?”

“வரும்” என்றேன். என் பேச்சை நம்பித்தான் ஒருத்தி மூன்று மணி பஸ்ஸை விட்டிருக்கிறாள்.

6.34. முன்னால் போர்டுகூட இல்லாமல் ஒரு பஸ் வந்து நின்றது. படியில் அதே கண்டக்டர். “வளத்தி, அவலூர்பேட்ட! வளத்தி, அவலூர்பேட்ட!”

நான் நிலையத்துக்குள் ஓடினேன். மானம் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, “அவலூர்பேட்டை பஸ் வெளியே நிற்குது!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பையும் பிள்ளையுமாக இருபது பேருக்கு மேல் ஓடி வந்தார்கள். கண்டக்டர் அசந்துபோனார். “இன்னா மேடம், அமாவாசைக்கு பஸ்ஸு ரொம்பி நான் பாத்ததே இல்ல!” கொய்யாக்காரர் என் போனில் இருந்த பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டி, “எனக்கும் அத போட்டுக் குடும்மா” என்றார். இதுவரை எத்தனையோ கடைக்காரர்கள் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். எதுவும் இதற்கு உறை போடக் காணாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோட்டை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையைத் தவிருங்கள், திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ராஜகிரியைக் காலை பத்தரைக்குள் ஏறத் தொடங்குங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸை விசாரியுங்கள். எத்தனை மணிக்கு என்பதோடு நிற்காமல், எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள்.

நான் திண்டிவனம் தாண்டும்போது கலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“ஊட்டுக்கு வந்துட்டேன் மேடம். ஓனருக்கு போன் பண்ணி, இனிமே அமாவாசைக்கும் ஆறு மணி வரைக்கும் இருப்பேன்னு சொல்லிட்டேன். பஸ்ஸு எங்க நிக்கிதுன்னு மட்டும் நீங்க கரெக்டா போட்டுடுங்க.”