கிட்டார் பெட்டிக்கு எலுமிச்சம்பழம்

அன்று என் வேனில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓட்டுநரான நான், இங்கிலாந்திலிருந்து வந்த பாடகி ரூத், அவரோடு கிட்டார் வாசிக்கும் டாம், பிள்ளைப்பாக்கம் தமிழரசி. தமிழரசி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் லைன் லீடர். கிட்டார் பெட்டிக்குத் தனி சீட்டு.

காலை 8.10. தாம்பரம் லாட்ஜிலிருந்து கிளம்பினோம். தமிழரசியின் கம்பெனி இருக்கும் ஒரகடம் பக்கத்துக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். நான் எட்டாவதோடு நின்றவன். வண்டி பஞ்சரானால் இவர்களிடம் இங்கிலீஷில் என்ன சொல்வது என்று முடிச்சூர் தாண்டும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு அங்கிருந்து கிளம்பாவிட்டால் இவர்களுடைய சிங்கப்பூர் விமானம் போய்விடும். அந்தக் கவலை வேறு.

9.00, படப்பை. டீ பதினைந்து ரூபாய். டாம் சொன்னதைத் தமிழரசி எனக்குச் சொன்னாள். அவரும் ரூத்தும் போட்ட ஒரு பாட்டு வெளிவந்தபோது அவர்கள் ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லையாம். ஆனால் அதன் தாளம் தமிழரசியின் லைன் வேலைக்கு அப்படியே பொருந்தியிருக்கிறது: நான்கு ஸ்க்ரூ, ஒரு தட்டு, அடுத்த ஆளுக்குத் தள்ளு. உள்ளே போன் கூடாது. அதனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, பெண்கள் வெறுங்கையால் ஸ்க்ரூ திருகி, முன் சீட்டைத் தட்டி ஆடியதைப் படம்பிடித்து நெட்டில் போட்டாள். மலேசியாவிலும் ஜப்பானிலும் தொழிற்சாலை ஆட்கள் அதேபோல் ஆட, பாட்டும் பரவியது, பாடியவர்களுக்கும் அழைப்பு வந்தது. இது அவர்களுடைய முதல் வெளிநாட்டுச் சுற்று. அதில் தமிழரசியின் கம்பெனிக்கு ஒரே ஒரு பாட்டு, அன்றைய ஆயுத பூஜையில்.

"மூணு மாசம் மேனேஜர் பின்னாடி நடந்து பர்மிஷன் வாங்கிகீறேன். இது மட்டும் நடக்கல, லைன்ல ஒருத்தி என்னை மதிக்கமாட்டா அண்ணா" என்றாள்.

10.20, வல்லம் வடகால். வளாகம் முழுக்கக் குடும்பங்கள், ஓடித் திரியும் பிள்ளைகள். பெட்டியை யாராவது தட்டிவிட்டால்? பத்திரமான இடம் சாமி முன்தான் என்று சரஸ்வதி படத்தின் கீழே, ஸ்பானர்களோடு வைத்துவிட்டு வண்டி நிறுத்தப் போனேன்.

இடம் தேடி நிறுத்தவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, திரும்பினால் ஆரத்தி முடிந்திருந்தது. பெட்டியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூஜை செய்த மெயின்டனன்ஸ் ஏழுமலை கையை விரித்தார்.

"பூஜையில வெச்ச ஆயுதத்த நாளைக்குத்தாம்பா எடுக்கணும்."

விஷயத்தைக் கேட்ட டாம், நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டார். நேரம் 11.50.

தமிழரசி விடவில்லை. "பஸ்ஸுக்கும்தான் பொட்டு வெச்ச. அது மட்டும் ஈவினிங் ஷிப்டுக்கு ஓடலாமா?"

"அது வண்டிம்மா. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுத்துட்டோம்ல."

நான் பெட்டியைப் பார்த்தேன். அடியில் இரண்டு குட்டிச் சக்கரங்கள்.

"அண்ணே, இதுக்கும் சக்கரம் கீது."

ஏழுமலையே முதலில் சிரித்தார். "பழம் எங்கடா? எல்லாத்தையும் பஸ்ஸு தின்னுட்ச்சே!"

கேட்டுக்கு வெளியே ஓடினேன். பழம் ஒன்று பதினைந்து ரூபாய், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எடுத்தேன். பர்ஸ் வேனில். "பாட்ட கேட்டுட்டு வந்து குடு நைனா, ஓடு" என்றார் கடைக்காரர்.

சக்கரங்களின் கீழே பழம் வைத்து, கற்பூரம் காட்டி ஏழுமலை சைகை கொடுக்க, டாம் பெட்டியை இழுத்தார். இரண்டு பழமும் ஒன்றாக நசுங்கின. கூட்டம் எழுப்பிய விசில் ஒரகடம் வரை கேட்டிருக்கும்.

பாட்டு தொடங்கியதும் நூறு கைகள் காற்றில் ஸ்க்ரூ திருகின. ரூத் பார்த்துக்கொண்டே பாட மறந்துவிட்டார். பெண்கள் விடவில்லை, வார்த்தை தெரியாத இடத்தில் ராகம் போட்டுப் பாடி முடித்தார்கள். மூன்று முறை பாடியாயிற்று. "எங்க லீடர்டீ!" என்று தமிழரசியைத் தூக்கிச் சுற்றினார்கள்.

1.05. ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் விமானம் போகும்முன் சேர்ந்துவிட்டோம். விமான நிலையத்தில் டாமிடம் பெட்டியைத் துடைக்கத் துணி நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து, குங்குமத்தோடே தள்ளிக்கொண்டு போனார். படிக்காத என் கையால் அவர்கள் பாட்டு நின்றிருக்கும், நிற்கவில்லை. சிரித்தபடி வீடு வந்து படுத்த பிறகுதான் நினைவு வந்தது. எலுமிச்சம்பழக் கடைக்கு முப்பது ரூபாய் பாக்கி.