தம்பியின் பையைச் சோதித்தோம்

காசு கொடுத்து நான் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் கேம் அது. தென்காசியில் எல்லோரும் காப்பி சிடியில் விளையாடிக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் ஒரிஜினல் இருந்தது. அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. சிடி உறையின் பின்புறம் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு கீ அச்சடித்திருக்கும். அதை ஒருமுறை பதிந்துவிட்டால் நெட்டில் யாரோடும் விளையாடலாம்.

அந்த வருடக் குற்றாலச் சீசனுக்குப் புளியங்குடியிலிருந்து சித்தி குடும்பம் எங்கள் வீட்டில் வந்து தங்கியது. ஐந்தருவியில் குளித்த நேரம் போக, சித்தி மகன் என் கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடந்தான். அவர்கள் கிளம்பும் அன்று காலையில் கேமைத் திறந்தேன். இந்தக் கீயை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பி கீயை எழுதி எடுத்துக்கொண்டான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவன் என் கண்ணெதிரில் நிற்கிறானே, அப்படியானால் இப்போது விளையாடுவது யார் என்றுகூட யோசிக்கவில்லை.

அப்பா போலீஸ்காரர். கேம் கீயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, களவைப் பற்றித் தெரியும். சித்தியும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, "பையத் தொறலே" என்றார். ஈரத்துண்டு, இரண்டு சட்டை, கூட்டாளிகளுக்கு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ். தான் எடுக்கவில்லை என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அந்தச் சிப்ஸ் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். சித்தி காபி குடிக்காமல் கிளம்பினாள்.

பிறகு ஒருநாள் மெஷினைச் சரிபார்க்க வந்த பிரவுசிங் சென்டர்காரர் விஷயத்தைச் சொன்னார். கேம் கீ திருடுவதற்கென்றே அப்போது வைரஸ்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்குள் கீ எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடி எடுத்து, எங்கோ முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பிவிடும். அவன் அதை விற்பான். என் மெஷினுக்குள் அது வந்தது, சுலபமாக ஜெயிக்கலாம் என்று நான் நெட்டிலிருந்து இறக்கிய சீட் ஃபைலோடு. கள்ளனை நானே வீட்டுக்குள் விட்டிருக்கிறேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை, புளியங்குடிக்குப் போன் போடவும் இல்லை. சொன்னால் என் மரியாதை என்னாவது என்றுதான் நினைத்தேன். நினைத்தாலே கூசுகிறது.

அதன்பின் சீசனுக்கு வந்தால் அவர்களுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ்தான். இந்த வருடம் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தம்பி தன் மகளோடு வீட்டுக்கு வந்தான். சிரித்துத்தான் பேசினான். இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை என் லேப்டாப்பைத் தொடப் போனாள். தம்பி மெதுவாகத்தான் சொன்னான்.

"ஏட்டி, பெரியப்பா வீட்ல எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தேன்."

பிள்ளை கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.